மீஞ்சூர் காராமணி

பங்குனி மதியத்தில் மழை வரும் என்று யாருமே நினைக்கவில்லை...

திருவொற்றியூர் சத்துமாவுக் கூடத்தின் வாசலில் காராமணி காய்ந்துகொண்டிருந்தது. மீஞ்சூரில் நெல் அறுத்த வயலைக் குத்தகைக்குப் பிடித்து, செங்கொடியும் கூட வேலை செய்யும் பெண்களும் எடுத்த முதல் வெள்ளாமை. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கான மாவில், கப்பலில் வரும் சோயாவுக்குப் பதில் இதைச் சேர்க்கலாம் என்று மேலதிகாரிகளிடம் போராடி வாங்கிய ஒரே வாய்ப்பு.

இடி இடித்த நேரம் பார்த்து, சோயா ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது.

"யோவ்! வண்டிய எடுய்யா! பயிறு நனைஞ்சிகினு கீது, கண்ணு தெர்ல?" என்று கத்தினாள் செங்கொடி.

குதித்து இறங்கியவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். மழைத்துளி தொங்கும் இமைகள்... உள்ளே கனலும் கண்கள். தன் லாரியின் தார்ப்பாயை உருவினான்.

"உன் சரக்கு?"

"அது கெடக்கட்டும். அந்த மூலையப் பிடிங்க!"

காராமணி தப்பியது. சோயா நனைந்தது.

மறுநாள் அவன் அப்பா வந்தார். ராயபுரம் சோயா வியாபாரி அய்யாத்துரை.

"எந்த ஏரியாம்மா நீ?"

"வியாசர்பாடி."

"ஓ..." அந்த ஒற்றை எழுத்தில் அவள் ஊரையும் சாதியையும் எடைபோட்டுவிட்டார். "எம் மவன் டென்னிஸை வச்சே என் யாவாரத்தைக் கவுக்கப் பாக்கியா?"

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க வந்த டென்னிஸிடம், "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க சார்" என்று கதவைச் சாத்தினாள்.

அவன் வரவில்லை. பிள்ளைகள் காராமணி மாவை விரும்பித் தின்றார்கள். வைகாசியில் எண்ணூர் வரைக்கும் இனி சோயா வேண்டாம், இதுதான் என்று உத்தரவு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை...

அன்றைக்கே டென்னிஸ் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"உங்க அப்பா சரக்க நிறுத்தினவ நான். இன்னாத்துக்கு வந்த?"

"உங்களைத்தான் கட்டுவேன்னு அப்பாட்ட சொன்னேன். வீட்டை விட்டுப் போன்னாரு. ஹார்பர்ல வேலைக்குச் சேர்ந்துட்டேன்." குரல் உடைந்தது. "அம்மாவைப் பாத்து ஒரு மாசம் ஆச்சு. இருந்தாலும்... நீங்க வேணும் எனக்கு."

அவள் மாவு படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லாரி சத்தம் கேட்டாலே நீயான்னு வாசலுக்கு ஓடியாருவேன், தெர்மா? ரெண்டு மாசமா..." உதடு துடித்தது. "எனக்கும் நீதான்யா வேணும்."