மூன்று நீல முட்டைகள்

பாஞ்சாலையின் கருங்கோழியைக் கீரி கடித்துப் போட்ட அன்று, தெருவே அவள் வீட்டு வாசலில் நின்றது. துக்கம் விசாரிக்க வந்ததாகத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். கீரியை அவள் எப்படித் திட்டப்போகிறாள் என்று கேட்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். விருத்தாசலத்தில் மின்சாரம் தினமும் நிற்கும், பாஞ்சாலையின் வாய் நிற்காது.

ஆனால் அன்று அவள் திட்டவில்லை. கோழி கடைசியாக இட்ட மூன்று முட்டைகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"சிவசங்கரி, உன் கோழிக்கு இன்னைக்கு அடை வெக்கறியாமே. இதையும் சேத்து வெச்சிடு. என் கோழியோடது இதுதான் மிச்சம்."

சிவசங்கரியின் மகள் பூங்கோதைதான் அவற்றை வாங்கிக்கொண்டாள். பத்து வயது. தன் வீட்டு முட்டைகள் நான்கோடு அந்த மூன்றையும் கூடையில் அடுக்கினாள்.

இரண்டு வீட்டு முட்டைகள் ஒரே அடையில் இருந்தால், ஒரு வீட்டு முட்டைக்குக் கரிப்புள்ளி வைப்பது அந்தத் தெரு வழக்கம். கோழி உருட்ட உருட்டப் புள்ளி அழிந்துபோகும். அப்புறம் எந்தக் குஞ்சு யாருடையது என்று சண்டை வரும். போன வருடம் அப்படி ஒரு சண்டையில் இரண்டு வீட்டார் தீபாவளிப் பலகாரம்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், பாஞ்சாலையின் முட்டைகளில் வைத்திருந்த புள்ளி மங்கியிருந்தது. பூங்கோதைக்குக் கவலை வந்துவிட்டது.

அவள் அம்மா பீங்கான் பொம்மைகளை அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு வாங்கிவந்து, வீட்டில் வண்ணம் தீட்டுகிறவள். கடையில் அரிசி வாங்க அம்மா போயிருந்த நேரத்தில், பூங்கோதை நீலப் பெயிண்டை எடுத்தாள். இரண்டு முட்டைகளை விரலால் பிடித்தபடியே பூசினாள். விரல் பிடித்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. மூன்றாவதை ஆசை ஆசையாகத் திருப்பித் திருப்பி, ஓர் இடம் விடாமல் பூசினாள்.

"இனிமே யாரு சண்டை போடுவாங்க, பாக்கலாம்!" என்று காய்ந்த முட்டைகளைக் கோழிக்கு அடியில் தள்ளினாள்.

மறுநாள் வகுப்பில் ஆனந்தராஜ் சார் ஒரு கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி முட்டையைப் போட்டார். ஓட்டின் மேல் பொடிப்பொடியாய்க் குமிழிகள் முளைத்தன.

"இது என்ன, சொல்லுங்க பாக்கலாம்."

"நுரை சார்!"

"காத்துடா. முட்டை ஓடு பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்குது. உள்ள இருக்கிற குஞ்சு அது வழியாத்தான் மூச்சு விடுது."

பூங்கோதை எழுந்தாள். "சார், அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிட்டா?"

"அடைச்சா உன் மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரிதான். ஏம்மா?"

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வண்ணம் பூசாத பொம்மை ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பொம்மை அதை உறிஞ்சிக்கொண்டது. நீலம் பூசிய பொம்மையின் மேல் விட்டாள். சொட்டு உருண்டு தரையில் விழுந்தது.

முட்டை கூமுட்டையாகிவிட்டது என்று சொன்னால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. அதையும் பூங்கோதை நினைத்துப் பார்த்தாள். முந்தானையில் முட்டைகளை ஏந்திக்கொண்டு பாஞ்சாலை நின்ற நிற்பும் கூடவே நினைவுக்கு வந்தது. பாஞ்சாலை வீட்டுக்கு ஓடினாள்.

"அத்தே, உங்க முட்டைக்கு நான் பெயிண்ட் அடிச்சிட்டேன். குஞ்சு மூச்சு விட முடியாது அத்தே!"

எதிர் வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது. தெரு காதைத் தீட்டிக்கொண்டது. பாஞ்சாலை வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பூங்கோதைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில், "சுரண்டி எடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியும் அத்தே. அம்மாவுக்குப் பொம்மை சுரண்டித் தருவேன்."

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பொம்மையின் பக்கவாட்டில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதை மெல்லிய கத்தியால் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பொம்மை உடைந்துவிடும். அந்தப் பழக்கம் அவள் கையில் இருந்தது.

இருவரும் சிவசங்கரி வீட்டுக்கு வந்து, கோழிக்கு அடியிலிருந்து ஒவ்வொரு நீல முட்டையாக எடுத்தார்கள். சூடு ஆறாமல் பாஞ்சாலை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்தாள். பூங்கோதை சுரண்டினாள். நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். முதல் முட்டைக்குள் சிவப்பு நூல்கள் ஓடின. நடுவில் கறுப்பாக ஒன்று துள்ளியது.

"அத்தே, அசையுது!"

இரண்டாவதும் அசைந்தது. முழுவதும் நீலமாயிருந்த மூன்றாவதை வெகுநேரம் பார்த்தார்கள்.

"இது அசையல அத்தே."

"தூங்குது போல. வெச்சிடு."

தூங்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பூங்கோதை அதையும் கோழிக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

குஞ்சுகள் பொரிந்தன. நான்கு பழுப்பு, இரண்டு கன்னங்கரேல். எது யாருடையது என்று யாரும் கேட்கத் தேவையே இருக்கவில்லை. பொரியாத முட்டையைப் பூங்கோதை முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். பாஞ்சாலையும் வந்து பக்கத்தில் நின்றாள்.

பிறகு பாஞ்சாலை ஒரு கறுப்புக் குஞ்சை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அத்தே, இதுக்கு அடையாளம் எதுனா வெக்கணுமா?"

"பெயிண்ட் டப்பா பக்கம் போனே, கையை ஒடிச்சிடுவேன்!"

எதிர் வீட்டு ஜன்னல் நிம்மதியாகச் சாத்திக்கொண்டது. பாஞ்சாலைக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

குஞ்சு பூங்கோதையின் உள்ளங்கையில் கண் மூடித் தூங்கியது. அதன் குட்டி வயிறு ஏறி இறங்கியது. தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது மூச்சு விடுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.