கிணற்றில் இருபது நிமிடம்

"ஏலே, மோட்டாரப் போட்டுறாத!"

கிணற்றுக்குள்ளிருந்து பெண்குரல். சுவிட்சில் கைவைத்த எஸ்ரா அப்படியே நின்றான். சொந்தக் கிணறு, சொந்த மோட்டார்... அதட்டுவது யாரோ!

எட்டிப் பார்த்தான். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள் அவள். அழுந்திப் பதிந்த வளையங்களுக்குள் இரண்டு கண்கள்... அவ்வளவுதான், பையன் தண்ணீர் பாய்ச்ச வந்த கத்தரிச் செடிகளை மறந்தான்.

"மன்னிச்சுக்கோங்க, வேலையாள்னு நெனச்சேன். ஜெபிதா, பி.டி. டீச்சர். உங்க அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் இறங்கினேன்."

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி, ஆறு வாரத்தில். சங்கரன்கோவிலில் அவளுக்குக் கிடைத்த தண்ணீர் இது ஒன்றுதான். ஆறு கை வீசினால் சுவர் வந்துவிடும் கிணற்றில் மீட்டர் கணக்கு ஏது? நிமிடமும் முயற்சியும்தான். முயற்சிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மூன்று என்றால் பேசிக்கொண்டே நீந்தலாம். ஏழில் ஒரு வார்த்தைதான் வரும். ஒன்பதில் அதுவும் வராது.

மறுநாளே கைபேசியும் விசிலுமாக எஸ்ரா கிணற்றுமேட்டில் ஆஜர். மும்முனை மின்சாரம் வருமுன் பயிற்சியை முடிக்க வேண்டுமாம். மின்சாரம் ஒன்பதுக்கு. இவன் வந்தது ஆறுக்கு. பக்கத்து வயலில் களையெடுத்தவர்களுக்குத் தெரியாதா என்ன?

"எத்தன, டீச்சர்?"

"ஏழு..."

"சாப்பிட்டீங்களா?"

"நேரத்தப் பாத்து விசில மட்டும் ஊதுங்க!"

"ஏழுல இவ்வளவு பேச்சு வராதே... அஞ்சுதான் போடுதீங்க!"

மூன்றாம் வாரம், ஏழில் இருபது நிமிடம். அவள் முகம் வெளுத்ததைக் கண்டு பதினாறிலேயே ஊதிவிட்டான். படியேறி வந்தவள் கைபேசியைப் பார்த்தாள்.

"போட்டியில எனக்குப் பாவம் பார்த்து யாரு கரையப் பக்கத்துல கொண்டுவருவா?"

அதோடு வரவில்லை. நாலு நாள். போய்க் கேட்க இவனுக்கு ரோஷம், வந்து நிற்க அவளுக்கு ரோஷம். பயிற்சிதான் பாழாய்ப் போனது.

ஐந்தாம் நாள், மறந்துவைத்த நீச்சல் கண்ணாடியை எடுக்க வந்தாள். மறந்ததாம்... நம்புவோம். கிணற்றுக்குள் எஸ்ரா சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யுதீங்க?"

"இருபது நிமிஷம்... எப்படி இருக்கும்னு பார்த்தேன். எட்டு நிமிஷத்துலயே முடியல. உங்க நாலு நிமிஷத்த நான் எடுத்திருக்கக் கூடாது... தப்புதான்."

அவள் படியில் உட்கார்ந்தாள். "முயற்சி எத்தன?"

"பத்து. டீச்சர்... இன்னொன்னு சொல்லணும். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் பார்வை தண்ணீரில் தாழ்ந்தது. "இதுக்கு எத்தன?"

"ரெண்டுதான். நீங்க முங்கும்போதெல்லாம் மேட்டுல உக்காந்து சொல்லிப் பழகிட்டேன்."

"நாளைக்கு முழுசா இருபது ஊதணும்."

"ஊதுதேன். பதிலு?"

படியில் கிடந்த நீச்சல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு மெல்ல...

"ஒன்பதுல இருக்கேன்."

அன்று மின்சாரம் வந்தது, போனது. கத்தரிக்குத் தண்ணீர் பாயவில்லை.