நாலாவது கேசட்டு

"கைய எடு, சொல்றேன் கைய எடு—"

"நீங்க எடுங்க மொதல்ல! ஒடஞ்சிடப் போவுது—"

"ஒடையட்டும்! பூஞ்ச புடிச்ச கேசட்டு, இதுக்குப் போயி—"

"என் தம்பி வாசிச்சது அது!"

"ஒன் தம்பி, ஒன் தம்பி! இருவத்தஞ்சு வருசமா இதே பேச்சு!"

ஒரே கேசட்டை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, பாதி கூரை போன கூடத்தில் மணவாளனும் அவர் மனைவி இளமதியும் நின்றார்கள். தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. மஞ்சக்குப்பத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. கொல்லையில் நின்ற தென்னை வேரோடு பெயர்ந்து வீட்டின் மேல் சாய்ந்து, ஓட்டுக் கூரையையும் பரணையும் ஒன்றாக உடைத்திருந்தது. பரணிலிருந்து விழுந்த பிஸ்கட் டின்னில் நான்கு கேசட்டுகள். நான்கிலும் மணவாளன் கையெழுத்தில் 'செம்பியன், 1986'.

செம்பியன் இளமதியின் தம்பி. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டு இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஜாஸ் கிதார் பழகியவன். மணவாளன் நடத்திய மெல்லிசைக் குழுவில் சினிமாப் பாட்டு வாசிப்பான். கச்சேரி இல்லாத நாளில் கொல்லை ஷெட்டில் உட்கார்ந்து தனக்காக வாசிப்பான். மாமா மணவாளன் டேப் ரெக்கார்டரை அமுக்குவார். இருபத்திரண்டு வயதில் பம்பாய்க்குப் போனான் என்றார்கள். அதோடு சரி. ஒரு கடிதம் இல்லை.

"மூணத்தான் சபாபதிகிட்டக் குடுத்துட்டியே, அது போதாதா? இது காலி கேசட்டு."

"காலி கேசட்டுக்கு யாராவது இத ஒடச்சி வெப்பாங்களா?" அவள் கேசட்டின் மேல்விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். அங்கே இருக்க வேண்டிய சின்ன பிளாஸ்டிக் பட்டை ஒடிக்கப்பட்டு, சதுரமாக ஒரு ஓட்டை. "பதிஞ்சி முடிச்சதும் இத ஒடச்சிட்டா அதும்மேல வேற எவனும் பதிய முடியாதுன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான்."

மணவாளன் அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மறைத்தார்.

"சபாபதி கேட்டுட்டு அழுதுட்டாரு. இந்த வயசுல இப்புடி வாசிச்சவன நான் கேட்டதே இல்லக்கான்னாரு. கம்ப்யூட்டர்ல ஏத்தி வெளியிடப் போறாராம். நாலாவதும் வேணும்ங்கறாரு." சபாபதி, அண்ணாமலை நகர் லாட்ஜில் செம்பியனோடு ஒரே அறையில் இருந்தவர். இப்போது அங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

"இதக் கேட்டா ஒனக்கும் நல்லதில்ல இளமதி."

"எனக்கென்னா வந்துச்சி? அவன் கெளம்புன அன்னிக்கி நான் திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தேன்."

மணவாளன் அவளையே பார்த்தார்.

"ஓ. கோயிலுக்கா?"

அவள் கை தளர்ந்தது. கேசட்டு அவர் பக்கம் போயிற்று.

"சபாபதியவே கூட்டியாறேன். காலின்னு அவருகிட்டயே சொல்லுங்க. மரம் அறுக்க வந்தவங்கள எதுக்குத் தொரத்துனீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

*

ஷெட் வாசலுக்கு நாலடி தூரத்தில் தென்னை பெயர்ந்த குழி. அதில் மழைத்தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மணவாளன் அந்தப் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்த் தாழ் போட்டார். வெளியே உச்சிவெயில்; உள்ளே ஈரமண்ணும் துருவும் கலந்த நாற்றம்.

டேப் ரெக்கார்டரில் நாலு புது பேட்டரி போட்டார். கேசட்டின் ஓட்டைமேல் செல்லோ டேப்பைக் கிழித்து ஒட்டினார். ஓட்டையை அடைத்துவிட்டால் மறுபடி பதியலாம். வாயைத் திறக்காமல் அரை மணி உட்கார்ந்து இந்த வெற்று ஷெட்டைப் பதிந்தால் போதும். அடியில் இருப்பது அழிந்துபோகும்.

எதை அழிக்கிறோம் என்று ஒரு தடவை போட்டுக் கேட்டார்.

"மாமா, ரெடியா?"

"ம்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

எப்போதும் அப்படித்தான். கிதார் கட்டையில் விரலால் தட்டி எண்ணுவான், நாலு முடிந்ததும் ஆரம்பிப்பான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் தாண்டிப் போய், ஊரெல்லாம் சுற்றி, யாரும் நினைக்காத வாசல் வழியாகத் திரும்பி வரும் வாசிப்பு. பின்னால் தூரத்தில் ஆட்டுக்கல் சுற்றும் சத்தம்கூட அதற்குத் தாளம்போல் இருந்தது.

வாசிப்பு நின்றது.

"நாளைக்கிக் கெளம்பறேன் மாமா. பம்பாய் ஹோட்டல்ல சேத்துக்கிட்டாங்க."

"அப்ப நம்ம குழு? பொங்கலுக்குப் பன்னெண்டு கச்சேரி ஒத்துக்கிட்டிருக்கேன்டா."

"நீங்களே கிதார எடுங்களேன்." சிரிப்பு. "வேணாம் மாமா. ஒங்க கைக்கி மைக் ஸ்டாண்டுதான் செட் ஆவும்."

அதே கைதான் மைக் ஸ்டாண்டைத் தூக்கியது. அதன் இரும்புத் தட்டு மண்டையில் இறங்கியது. கிதார் விழுந்து ஆறு கம்பியும் ஒன்றாக அலறின.

"மாமா... கைய வுட்டுடுங்க மாமா... கைய மட்டும்..."

மணவாளன் டேப்பை நிறுத்தினார். மீதி அவருக்கு மனப்பாடம். இடது கை, நாலு விரல், நாலு அடி. பிறகு தலையில், அசைவு நிற்கும்வரை. தென்னங்கன்று வைக்க வெட்டியிருந்த குழி தயாராக இருந்தது. கிதாரையும் சேர்த்துப் போட்டு மூடி, மேலே கன்றை நட்டுவிட்டு உள்ளே வந்தபோது டேப் ஓடி முடிந்து நின்றிருந்தது. கேசட்டை எடுத்தார், பட்டையை ஒடித்தார், பெயரும் வருடமும் எழுதி டின்னில் போட்டார். பல வருடக் கைப்பழக்கம். கை அதன்பாட்டுக்குச் செய்துவிட்டது. செய்தது என்ன என்று மறுநாள் உறைத்துத் தேடினால் டின்னைக் காணோம். இளமதி எங்கேயோ எடுத்து வைத்திருந்தாள். எங்கே என்று கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

ரீவைண்ட் செய்து, பதிவுப் பொத்தானை அமுக்கினார். சக்கரங்கள் சுழன்றன. இடது கையை மேசைமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதியும் இயந்திரம் பேசாது.

பேசியது.

"மாமா, ரெடியா?"

பேட்டரிகளைப் பிடுங்கி எறிந்தார். சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன.

"ஒண்ணு."

சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கி, ஈர்க்குச்சி போல் ஒடிந்தது. வலி வருவதற்குமுன் அவர் அதைக் கண்ணால் பார்த்தார். கையை இழுத்தார். மேசையோடு அறைந்துவைத்ததுபோல் வரவில்லை.

"ரெண்டு."

எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"வேணான்டா செம்பியா... நான் ஒன் மாமாடா..."

"மூணு."

கதவிடுக்கில் சேறு கசிந்தது. சேற்றோடு ஏதோ நெளிந்து வந்தது. ஒன்றல்ல, ஆறு. துருப்பிடித்த கம்பிகள். தென்னை வேர் நார் சுற்றிய கம்பிகள்.

"நாலு."

நாலுக்குப் பிறகு எப்போதும் கிதார்தான்.

கம்பிகள் அவர் கழுத்தைச் சுற்றி விறைத்தன. யாரோ அவற்றை மீட்டினார்கள். ஒவ்வொரு மீட்டலுக்கும் கம்பி ஒரு நூல் அளவு உள்ளே இறங்கியது. மேசையில் ரத்தம் வழிந்து பேட்டரிகளைத் தொட்டபோதும் வாசிப்பு நிற்கவில்லை. அற்புதமான வாசிப்பு.

*

நாலு மணிக்கு இளமதி சபாபதியோடு வந்தாள். பக்கத்து வீட்டு அந்தோணிசாமிதான் கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார். எட்டிப் பார்த்தவர் அங்கேயே வாந்தி எடுத்தார்.

"தலை... தலை தோல்லதாம்மா ஒட்டிக்கிட்டிருக்கு. கிட்டப் போவாத."

கம்பிகளின் மறுமுனை கதவுக்கு அடியில் போய், வேர்க்குழியின் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. போலீஸ் வந்து குழியை இறைத்தது. வேர்கள் பின்னிய ஒரு மண்டையோடு கிடைத்தது. பக்கத்தில் கிதார் கட்டையின் சில்லுகள். இடது கை எலும்புகளில் விரல்கள் மட்டும் தூளாக இருந்தன. உள்ளே தாழ் போட்ட ஷெட்டுக்குள் யார் நுழைந்தது என்று எழுத இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் இல்லை.

போலீஸ் வருமுன்பே இளமதி டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை உருவி இடுப்பில் செருகியிருந்தாள். மணவாளன் ஒட்டிய செல்லோ டேப்பைக் காணோம். ஓட்டை பழையபடி திறந்திருந்தது.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காலை பத்து மணி. அண்ணாமலை நகரில் சபாபதியின் வீடு. கரண்ட் இருந்தது, ஃபேன் ஓடியது.

"கேட்டே ஆவணுமா அக்கா?"

"என் தம்பி கடைசியா வாசிச்சது இது. நாலும் சேந்து வெளிய வரணும்." கேசட்டை அவர் கையில் வைத்தாள். "போடுங்க."

மணவாளன் அழித்தது எதுவும் அழிந்திருக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டான், நாலு எண்ணினான், வாசித்தான். பின்னால் ஆட்டுக்கல் சுற்றியது. பம்பாய் என்றான், சிரித்தான். இரும்பு விழுந்தது.

நாலு அடி. நாலு அலறல். அதற்குப் பிறகு, தொண்டை கிழிய,

"அக்கா!"

ஆட்டுக்கல் நின்றது.

சபாபதி முகத்தைப் பொத்திக்கொண்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. மண்டையில் விழும் அடிகள், ஓய்ந்த பிறகு ஒருவரின் இளைப்பு. கதவு திறந்தது. கொல்லையிலிருந்து மணவாளன் குரல், அடுப்படியைப் பார்த்து:

"ஒண்ணுமில்ல. மைக் ஸ்டாண்டு சாஞ்சிடுச்சி. நீ வேலையப் பாரு."

அமைதி. நீண்ட அமைதி.

கடகட, கடகட. ஆட்டுக்கல்.

சபாபதி மெதுவாகத் தலை நிமிர்ந்தார்.

"அக்கா... நீங்க அன்னிக்கித் திருவந்திபுரம் போயிருந்ததா..."

இளமதி பாய்ந்து பொத்தானை அமுக்கினாள். சக்கரங்கள் நின்றன. பிளக்கையும் பிடுங்கினாள். ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அவள் இடது கை மேசைமேல் இருந்தது. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

எதிர் நாற்காலியில் யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல், மிகப் பக்கத்தில், கோபமே இல்லாத ஒரு இளம் குரல் கேட்டது.

"ஏங்க்கா திரும்பவும் அரைக்க ஆரம்பிச்ச?"