பேர் தெரியாதவனுக்கு ஒரு நாற்காலி

நவம்பர் முதல் தேதி முற்பகலில் நான் தெல்ஃபினாவின் வீட்டுக்குப் போனபோது, தெருவிலிருந்து அவள் வாசல் வரை செண்டுமல்லி இதழ்கள் தூவியிருந்தன. செத்தவர்கள் வீடு திரும்பும் நாள். எங்கள் மலையூரில் அன்று எல்லா வாசலும் அப்படித்தான் மஞ்சளாக இருக்கும்.

நான் போனது கைவிரிக்க. அவளுடைய அப்பா அபுந்தியோவின் தகப்பன் யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வம்சம் தேடித் தருவது என் தொழில். புரட்சியில் எங்கள் பழைய மாதாகோயில் எரிந்ததில் ஞானஸ்நானப் பதிவுகள் சாம்பலாகிவிட்டன. ஆனாலும் வழிகள் உண்டு. அந்தக் காலத்தில் பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரைச் சொன்னால் தேதியைச் சொல்லிவிடலாம். ஞானத்தாய் யாரென்று தெரிந்தால் எந்தத் தெருக் குடும்பம் என்பது பிடிபடும். இதுவும் இல்லையென்றால் கிழவர்களின் ஞாபகம்தான். அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அபுந்தியோவைப் பற்றி ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை. மலைக் கணவாயில் அவரைக் கைக்குழந்தையாகக் கண்டெடுத்தவர்கள் கழுதை ஓட்டிகள். அவ்வளவுதான். இப்போது அவர் படுத்த படுக்கை. சாகிறவனை அழைத்துப்போக அவன் முன்னோர் வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்: "என்னைக் கூட்டிட்டுப் போக யாரு வருவா?"

உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மூலைக் கட்டிலில் அபுந்தியோ கிடந்தார். படையலுக்கு எரித்த பிசின் புகை கண்ணைக் கரித்தது. படையல் மேடையில் தெல்ஃபினாவின் அம்மா படம், ரொட்டி, மோலே குழம்பு, மெழுகுவத்திகள். பக்கத்தில் ஒரு வெற்று நாற்காலி. அதன் முன்னால் ஒரு தட்டு. படம் இல்லை.

"இது யாருக்கு?"

"தாத்தாவுக்கு."

"எந்தத் தாத்தாவுக்குடி?"

"அதைத்தானே நீங்க கண்டுபிடிக்கல, கஸ்துலாக்கா. நானே கூப்பிட்டுட்டேன். எங்கப்பனைப் பெத்தவரே, யாரா இருந்தாலும் உள்ள வாங்கன்னு."

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

படையல் ஒரு பூட்டு மாதிரி வேலை செய்கிறது. இதழும் வாசனையும் வழியைக் காட்டும். படமும் பெயரும் உரியவரை மட்டும் உள்ளே விடும். பெயரில்லாத ஆத்மாக்களுக்கும் நாங்கள் தண்ணீரும் ரொட்டியும் வைப்போம். ஆனால் வாசலுக்கு வெளியேதான் வைப்போம்.

"அந்தத் தட்டை எடுத்து வெளிய வைடி."

"பெத்தவரைத் தெருவுல வச்சு சோறு போடச் சொல்றீங்களா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

அப்போது மாதாகோயில் நண்பகல் மணி அடித்தது. செத்தவர்கள் வந்து சேரும் நேரம்.

மெழுகுவத்திச் சுடர்கள் எல்லாம் நாற்காலிப் பக்கம் சாய்ந்தன.

காற்றே இல்லை.

நனைந்த கழுதையின் வாடை வந்தது. பிசின் புகையையும் மீறி வந்தது. வாசலில் கிடந்த இதழ்கள் ஒவ்வொன்றாக நசுங்கின, வெயிலில், என் கண்ணெதிரே.

நாற்காலி முனகியது.

"அப்பா, பாருங்கப்பா," என்று தெல்ஃபினா கிசுகிசுத்தாள். "வந்துட்டாரு."

கட்டிலில் கிழவர் தலையைத் திருப்பினார். கண்கள் விரிந்தன.

"இவன் இல்லம்மா."

"அப்பா?"

"இவன் என் ஆளு இல்ல. கதவைச் சாத்து... எங்கிட்ட வரான்மா, கதவைச் சாத்து!"

நான் கதவுக்கு ஓடினேன். சாத்தி என்ன பயன்? அது ஏற்கெனவே உள்ளே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அபுந்தியோவின் வலது கை அந்தரத்தில் நீண்டிருந்தது. மணிக்கட்டில் விரல் பதிந்த குழிகள். யாரோ இழுக்கிறார்கள், அவர் வர மறுக்கிறார்.

பிறகு அந்தக் கை தொப்பென்று விழுந்தது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சேணம் தைக்கும் எலிகியோ என் பக்கத்தில் வந்து நின்றார். செப்டம்பரில் நான் கேட்டபோது, எனக்கென்ன தெரியும் என்று விரட்டியவர்.

"அபுந்தியோவோட அப்பனை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நெட்டையா இருப்பான். சிரிச்சா சத்தமே வராது."

சற்று நேரத்தில் ரொட்டிக்கடை ப்ரீமித்திவா வந்தாள். "நெட்டையா இருப்பான். சிரிச்சா சத்தமே வராது."

மூன்றாவதாக, அவர்கள் இருவரோடும் பல வருஷமாகப் பேசாத கண் தெரியாத நபோர். அதே சொற்கள். அதே குரல்.

தெல்ஃபினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு பேர் சொல்லியாச்சுக்கா. உங்க விதிதானே? எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

"அப்பா வலி தாங்காம உளறிட்டாருக்கா. எங்களுக்கும் ஒரு தாத்தா இருந்துட்டுப் போகட்டுமே!"

நான் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தபோது, யாரும் கேட்காமலே எனக்கும் ஞாபகம் வந்தது. நான் குழந்தையாகத் தொட்டிலில் கிடக்கிறேன். முற்றத்தின் கோடியில் ஒரு நெட்டை மனிதன் நின்று சிரிக்கிறான். சத்தம் இல்லை.

அப்படி ஒருவனை நான் பார்த்ததே இல்லை. எனக்கு உறுதியாகத் தெரியும்.

நேற்று அதை நினைத்தபோது அவன் அறை வாசலில் நின்றிருந்தான்.

இன்று காலை, தொட்டிலின் மேல் குனிந்திருந்தான்.