வலது பக்கம் நிற்கத் தெரியாதவன்

"ஏங்க... வழி விடறீங்களா, இல்ல உங்க முதுகு மேல ஏறிப் போகட்டுமா?"

நம்பா நிலையத்து நகரும் படிக்கட்டில், இடது பக்கத்தில் தூண் மாதிரி நின்றிருந்த நீலச்சட்டை முதுகைப் பார்த்துத்தான் ஷிஹோ கத்தினாள். ஒசாகாவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்... வலது பக்கம் நிற்பவர்களுக்கு, இடது பக்கம் அவசரக்காரர்களுக்கு. ஷிஹோ அவசரத்தில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை, அப்பாவின் ஒகோனோமியாகி கடைக்கு விடுமுறை. வாரம் முழுவதும் சுடுகல்லின் முன் நின்று கோஸ் அடை திருப்புகிறவளுக்குக் கிடைக்கும் ஒரே நாள். அதையும் ஒருவன் அடைத்துக்கொண்டு நின்றால்?

நீலச்சட்டை திடுக்கிட்டுத் திரும்பியது. திரும்பிய வேகத்தில் அவன் கையிலிருந்த பெட்டி நழுவியது. ஷிஹோ தாவிப் பிடித்தாள். பிடிபட்டது பெட்டி இல்லை... அவன் கை. பெட்டி தடதடவென்று கீழே உருண்டு போனது.

"மன்னிச்சுக்கணும்... மன்னிச்சுக்கணும்..." அவன் இடுப்பு வரை குனிந்தான். "எங்க ஊர்ல இடது பக்கம்தான் நிப்போம்."

"எங்க ஊர்னா?"

"டோக்கியோ."

"அதானே பார்த்தேன்!"

மழையில் நனைந்த மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... திட்டு வாங்கினாலும் கோபப்படத் தெரியாத கண்கள். ஷிஹோவுக்கு ஏனோ தன் குரல் அப்போதுதான் காதில் விழுந்தது. இவ்வளவு சத்தமாகவா கத்தினோம்?

கீழே போய்ப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார்கள். உள்ளே அரிசி அப்பளங்கள். ஒன்றுகூட முழுசாக இல்லை.

"யாருக்கு வாங்கிட்டு வந்தீங்க?"

"இங்க இருக்கற கிளை ஆபீஸ்காரங்களுக்கு. நேத்தே குடுத்திருக்கணும். எல்லாரும் சத்தமாச் சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்களா... நடுவுல எப்படிப் புகுந்து குடுக்கறதுன்னு தெரியல. அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்."

ஷிஹோவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பெட்டி தின்பண்டத்தை நீட்டக்கூட வெட்கப்படுகிற மனுஷன்!

"சரி, உடைச்சது நான். அதுக்குப் பதிலா இன்னிக்கு உங்களைச் சாப்பிட வைக்கிறது என் பொறுப்பு. வயித்துல இடம் இருக்கா?"

"நிறைய..."

"பேரு?"

"ஹயாசே தொமோயா."

"நான் ஷிஹோ. எங்க அப்பா கடையில அடை சுடறவ. நடங்க... வலது பக்கமா!"

அவன் குடை சிறியது. அவள் குடையே கொண்டு வரவில்லை. ஒரே குடைக்குள் இரண்டு பேர் போனால் ஊர் என்ன பேர் வைக்கும் என்று இருவருக்குமே தெரியும். அதனால் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு நடந்தார்கள். அவனுடைய இடது தோளும் அவளுடைய வலது தோளும் சொட்டச் சொட்ட நனைந்தன.

தோதோன்போரி வாய்க்கால் ஓரம் தகோயாகி வாங்கினாள். ஆவி பறக்கும் ஆக்டோபஸ் உருண்டைகள். ஊதிச் சாப்பிடச் சொல்வதற்குள் அவன் முழு உருண்டையையும் வாயில் போட்டுவிட்டான். கண்ணில் தண்ணீர். துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல்...

"எப்படி இருக்கு?"

"ரொம்ப... ஹூ... ரொம்ப நல்லா... ஹூ..."

"பொய்யி. நாக்கு செத்துப் போச்சுன்னு சொல்லுங்க."

"செத்துப் போச்சு," என்றான் பணிவாக.

எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறானே! ஒசாகாக்காரன் என்றால் இந்நேரம் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பான். இவனோ கேலியையும் கட்டளை மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறான். சிரிக்கத் தோன்றியது. கூடவே... கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் தோன்றியது.

சூதென்காக்கு கோபுரத்தின் மேல் ஏறினார்கள். மழைத்திரைக்குப் பின்னால் ஊர் சாம்பலும் வெள்ளியுமாகக் கிடந்தது. அங்கே தங்க நிறத்தில் சிரித்தபடி காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் குட்டிச் சாமி. உள்ளங்காலைத் தடவி வேண்டிக்கொள்வது வழக்கம். தொமோயா கண்ணை மூடிக்கொண்டு தடவினான்... தடவிக்கொண்டே இருந்தான்.

"போதும், சாமிக்குக் கூசப் போகுது. அப்படி என்ன வேண்டுதல்?"

"சொன்னா நடக்காதாமே..." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். ஷிஹோ அவசரமாக மழையைப் பார்த்தாள்.

கோபுரத்தின் அடியில் குஷிகாத்சு கடை. குச்சியில் கோத்துப் பொரித்த வெங்காயமும் இறாலும் வந்தன. பொதுக் கிண்ணத்துச் சாற்றில் தோய்த்து ஒரு கடி கடித்தவன், மிச்சத்தை மறுபடி தோய்க்கப் போனான். கடை மொத்தமும் "ஏய்!" என்று அலறியது. ஷிஹோ அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு தடவைதான்! எச்சில் பண்ணிட்டு மறுபடி தோய்ச்சா இந்த ஊர்ல தூக்குத் தண்டனை. இன்னும் வேணும்னா கோஸ் இலையால அள்ளி ஊத்திக்குங்க."

பிடித்த கையை எடுக்க அவளுக்குக் கொஞ்சம் தாமதமானது. அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

"ஷிஹோ சான்... ஒண்ணு கேக்கலாமா?" பெயரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்து அழைத்தவன், கோஸ் இலையைப் பார்த்தே பேசினான். "இந்த ஊர்க் கிளைக்கு மாறி வர்றியான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும். இந்த ஊர் எனக்கு ஒத்து வருமான்னு பாக்கத்தான் இன்னிக்கு சுத்தினேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. வாங்க... வந்துடுங்க... நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அங்கேயே நின்றது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருவன் டோக்கியோவுக்கு வேலைக்குப் போனான். போகாதே என்று அவள் கேட்டாள். சீக்கிரம் திரும்பி வருவதாகச் சொன்னான். வரவில்லை. கேட்டதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. இனி யாரையும் 'இரு' என்றோ 'வா' என்றோ கேட்பதில்லை... அன்றைக்கே முடிவு செய்தாயிற்று.

"ஐயய்யோ, வேண்டாம்!" சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். "எஸ்கலேட்டர்ல நிக்கத் தெரியல, தகோயாகி தின்னத் தெரியல... உங்களுக்கும் இந்த ஊருக்கும் ஒத்தே வராது."

கேலிதான். ஒசாகாவில் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

அவன் நம்பினான். கண்களில் எரிந்துகொண்டிருந்த விளக்கை யாரோ மெல்லத் தணித்த மாதிரி... "அப்படிங்களா," என்றான்.

டோக்கியோ ரயில் கிளம்பும் ஷின்-ஒசாகா நிலையம் வரை கூடப் போனாள். பயணச்சீட்டுக் கதவருகே அவன் மறுபடி இடுப்பு வரை குனிந்தான். "மறக்க முடியாத நாள். நன்றி." கதவு திறந்து மூடிக்கொண்டது. நீலச்சட்டை கூட்டத்தில் கரைந்தது.

போகட்டும். நல்லதுதான்... திரும்பி நடந்தாள். வலது தோள் இன்னும் ஈரமாக இருந்தது. தன் பக்கம் குடையைச் சாய்த்துச் சாய்த்து அவன் நனைந்ததும் நினைவு வந்தது.

அடி பைத்தியமே... உன்னை விட்டுப் போனவனிடம் ஓடி ஓடிக் கேட்டாய். கேட்டு நின்றவனிடம் வாயை மூடிக்கொண்டாயே!

நடைமேடைச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடினாள். நடைமேடைக்கு ஏறும் நகரும் படிக்கட்டு முழுக்க ஆட்கள். எல்லாரும் வலது பக்கம் வரிசையாக... சில படிகளுக்கு மேலே, உடைந்த பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியை ஒட்டி, அவன்.

வலது பக்கம் நின்றிருந்தான்.

அவனுக்கு நேர் இடது பக்கம் காலியாகத் திறந்து கிடந்தது. ஷிஹோ ஏறினாள்... ஓடி ஏறினாள்... அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"பொய் சொன்னேன்." மூச்சு வாங்கியது. "ஊர் ஒத்து வரும். வராட்டி நான் ஒத்து வர வைக்கிறேன். வாங்க. நீங்க வரணும்... எனக்கு வேணும்."

கேட்டுவிட்டாள்! கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அவன் காது மடல் இரண்டும் சிவந்து கிடந்தன.

"இப்பத்தான் மேலதிகாரிக்குப் போன் பண்ணேன்," என்றான். "வரலைன்னு சொல்லத்தான் பண்ணேன். வாயில வந்தது 'வர்றேன்'னு."

"என்னது?"

"ஊருக்கு ஒத்து வராதவனாவே வந்து, உங்க கடையில தினமும் ஒரு ஓரமா உக்காந்து, மெதுவாக் கத்துக்கலாம்னு... முதல் பாடமா வலது பக்கம் நின்னு பாத்தேன்."

"லூசு..." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இதை அங்கயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்பவும் தெரியல. பிடிச்சிருக்கு."

"ஏம்மா! ஏய்யா!" பின்னாலிருந்து ஒரு குரல். புலிவரிச் சட்டை போட்ட ஒரு நடுத்தர வயது அம்மாள் இடது பக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். "ஜோடியா நின்னு வழியை அடைக்கிறீங்களே, உங்க வீட்டுப் படிக்கட்டா இது?"

ஷிஹோ திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவள் வழியை அடைத்திருந்தாள்!

அம்மாள் இருவரின் ஈரத் தோள்களையும் பார்த்தாள். சிவந்த காதுகளைப் பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கியது. கைப்பையைத் துழாவி இரண்டு மிட்டாய்களை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு. இப்ப நகருங்க, என் வண்டி போயிடும்!"

தொமோயா மிட்டாயை வாங்கிக்கொண்டான். பிறகு கக்கத்துப் பெட்டியைத் திறந்து, கொஞ்சமும் தயங்காமல் அம்மாளிடம் நீட்டினான்.

"நீங்களும் எடுத்துக்குங்கம்மா. உடைஞ்சிருக்கு... ஆனா நல்லா இருக்கும்."