நேராக நின்றவள்

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பத்துதான். அதற்குள் வெயில் முகத்தைச் சுட்டது. யாகப்பன் முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கேமராப் பெட்டியோடு கடலைக்காட்டு வரப்பில் நடந்தார்.

சூரமங்கலத்தில் அவருக்கு ஸ்டூடியோ இருந்தது. இருந்தாலும் வரைந்த திரைக்கு முன்னால் ஆளை உட்கார வைத்து எடுப்பதில் மனசு ஒட்டியதில்லை. இந்த முகத்துக்கு இந்த இடம் என்று தேடிப் பிடிப்பதில்தான் அவருக்கு ருசி.

அது 1959, மாசி மாதம். விவசாயி அர்த்தநாரியின் மகள் உண்ணாமலையைக் கெங்கவல்லியில் பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வெளியூரில் இருந்தான். படம் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு நகரும்.

அவர்கள் வீட்டு முன்வாசலில் சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூச வைத்தது. வேப்பமரத்தடியில் நிறுத்திப் பார்த்தால், இலை நடுவே விழுந்த வெயில் பெண்ணின் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி வைத்தது. மாட்டுக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவர், அங்கேயே நின்றுவிட்டார்.

பழைய பருத்திக் கிடங்கு. வடக்குப் பார்த்த கதவு, கருத்துப்போன பச்சை. எதிரே களம் வெளுத்துக் கிடந்தது. அதன் வெளிச்சம் திரும்பி வந்து, நிழலில் இருந்த கதவின்மேல் பால் போலப் பரவியிருந்தது.

"இங்கதான்," என்றார்.

அர்த்தநாரியின் மனைவி சின்னாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்த எடம் வேண்டாமுங்க. வேற பாருங்க."

"கதவைத் திறக்க வேண்டாம்மா. முன்னால நின்னாப் போதும். இந்த வெளிச்சம் வேற எங்கயும் கிடைக்காது."

விடாமல் வற்புறுத்தினார். கடைசியில் அர்த்தநாரி, "வெரசா முடிச்சுருங்க," என்று சொல்லிவிட்டு, களத்தோரம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

யாகப்பன் முக்காலியை ஊன்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஈரப் பருத்திக்கொட்டை புழுங்கும் நாற்றம் மூக்கில் ஏறியது. கேமராவின் மங்கல் கண்ணாடியில், எப்போதும் எல்லாரும் தெரிவது போலவே உண்ணாமலை தலைகீழாகத் தெரிந்தாள். பாதம் மேலே, தலை கீழே. கதவும் தலைகீழ்.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நின்றாள்.

நேராக.

தலையை வெளியே இழுத்துப் பார்த்தார். கதவுக்கு முன்னால் உண்ணாமலை மட்டும்தான்.

"உன் பக்கத்துல யாராச்சும் வந்து நின்னாங்களாம்மா?"

அந்தப் பெண் தலை குனிந்தபடி, "எங்க அத்தை இதுக்குள்ளதானுங்க இருந்தாங்க," என்றாள்.

சின்னாயி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எங்கூட்டுக்காரரு தங்கச்சிங்க. பாவாயின்னு பேரு. கட்டிக் குடுத்த எடத்துல இருக்க மாட்டேன்னு திரும்பி வந்துட்டா. எம் மாமனாரு இதுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாரு. ரெண்டு நாள்ல உட்டுரலாம்னுதான் இருந்தாங்க. அதுக்குள்ள அவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு. களத்துல போற ஆளு, மாடு, வண்டி எல்லாம் செவுத்துல தலைகீழாப் போகுதுன்னு கத்துவா. அப்பிடிப்பட்டவளை எப்படிங்க வெளிய உடறது? ஏழு மாசத்துல போயிட்டா."

யாகப்பன் கதவைப் பார்த்தார். ஆணி கழன்ற சின்னத் துளை ஒன்று அதில் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்களுக்குப் புத்தி பிசகலைங்கம்மா. இருட்டு அறை, ஒரு துளை, வெளியே நல்ல வெயில். அப்படி இருந்தா உள்சுவத்துல எல்லாம் தலைகீழாத்தான் விழும். என் கேமராவும் அப்படி ஒரு இருட்டு அறைதான். அவங்க பார்த்தது நிஜம்."

சின்னாயி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அர்த்தநாரி திரும்பினார். "எங்கிட்டத்தான் சொல்லிச் சொல்லி அழுவா," என்றார். "சாவி எங்கையிலதான் இருந்துச்சு." பிறகு மகளைப் பார்த்தார். "எடுத்துருங்க. இந்தப் புள்ளையாச்சும் நல்லபடியாப் போகட்டும்."

யாகப்பன் கண்ணாடிப் பிளேட்டைக் கேமராவில் செருகினார்.

காற்று நின்றது.

கதவின் உள்பக்கம் ஏதோ உரசியது.

நகம். மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல். துளை இருந்த உயரத்துக்கு வந்து நின்றது.

"அப்பா," என்றாள் உண்ணாமலை, உதடு அசையாமல்.

யாகப்பன் ரப்பர் உருண்டையை அமுக்கினார். லென்ஸ் திறந்து மூடிய அந்த நொடியில், கேமராவின் தோல் மடிப்பு மூச்சு இழுத்ததுபோல் புடைத்து மெதுவாக அடங்கியது.

அதற்குப் பிறகு கிடங்குக்குள் சத்தமே இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் யாகப்பனின் மனைவி அன்னாள்தான் பிளேட்டைக் கழுவினாள். அதில் உண்ணாமலை மட்டுமே இருந்தாள். அத்தனை அழகான வெளிச்சத்தில் அவர் அதுவரை யாரையும் எடுத்ததில்லை. கெங்கவல்லிக்காரர்களுக்குப் படம் பிடித்துப்போய் வைகாசியில் நாள் குறித்தார்கள். அர்த்தநாரி ஒரு தபால் கார்டு போட்டிருந்தார். பூட்டை உடைத்துக் கதவையே கழற்றிவிட்டாராம். உள்ளே ஒன்றுமில்லையாம். நல்ல வெளிச்சமாக இருக்கிறதாம்.

யாகப்பன் கார்டை இரண்டு தடவை படித்தார்.

மறுநாள் பகல், ரயிலில் கார்டு வேலை பார்க்கும் ராயப்பனும் அவர் மனைவி வேளாங்கண்ணியும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். யாகப்பன் கிண்டல் பேசிக்கொண்டே இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்து, ராயப்பனின் தொப்பியை நேராக்கிவிட்டு வந்து, கறுப்புத் துணிக்குள் நுழைந்தார்.

பெஞ்சு தெரியவில்லை. ராயப்பன் தெரியவில்லை.

கண்ணாடி நிறைய ஒரு பெண்ணின் முகம். நெற்றி மேலே, மோவாய் கீழே. மூக்கு நுனி கண்ணாடியில் அழுந்தி வெளுத்திருந்தது. இமைக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணியை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்கண்ணே, சரியா உக்காந்திருக்கமா?" என்று கேட்டார் ராயப்பன்.

யாகப்பன் கேமராவின் முன்பக்கம் போனார். துளி வெளிச்சமும் உள்ளே போகாதபடி லென்ஸ்மேல் பித்தளை மூடி இருந்தது. முந்தின நாள் கடை சாத்தும்போது போட்ட மூடி. அவர் அதை இன்னும் கழற்றவே இல்லை.