மேய்ப்பனுக்கு வேர்க்கிறது!

"அம்மாஆஆ...!"

அந்த அலறலில் தாராபுரம் ஜெபக்கூடத்தின் பாட்டு பாதியில் நின்றது.

முதல் வரிசைப் பாயில் பழனியாத்தாள் சரிந்து கிடந்தாள். நாடி இல்லை! அலறிய மகள் இளவேனில் கோவையில் நர்ஸ். அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தாள்.

"அப்பா! அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டீங்களா, இல்லீங்களா?"

அப்பா கருப்புசாமி தலை குனிந்தார்.

"மூணு நாள் உபவாச ஜெபம் கண்ணு. மருந்தைப் பீடத்துக் கூடையில வெச்சுப்போட்டா சுகமாயிரும்னு பாஸ்டரய்யா சொன்னாரு. அவரு சர்க்கரை நோவே அப்படித்தான் போச்சாம்..."

போலீசுக்குப் போன் போட இளவேனில் எதிர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் வரதராஜுலு வந்தபோது, வெள்ளை ஜிப்பாவில் பாஸ்டர் சாமுவேல் மேடையிலேயே நின்றிருந்தார். கையில் மைக்!

"நான் யாரையும் கட்டாயப்படுத்தலீங்க சார். அந்தம்மாவுக்கு விசுவாசம் பத்தல... கர்த்தர் எடுத்துக்கிட்டாருங்க."

இளவேனிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஆடு தொலைஞ்சா மேய்ப்பன்தான் பதில் சொல்லோணும், போதகனுக்குத் தீர்ப்பு இன்னும் கடுசுன்னு நீங்கதானுங்களே பிரசங்கம் பண்ணுனீங்க? இப்ப செத்தவ மேல பழி போடறீங்களே!"

"கூடையில இருந்த மருந்தெல்லாம் எங்கீங்க?" இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார்.

"அமராவதி ஆத்துல உட்டாச்சுங்க" என்றார் பாஸ்டர்.

வரதராஜுலு இளவேனிலைத் தனியே அழைத்தார்.

"அம்மணி, சபை பூராவும் அவரு பக்கம். உங்கம்மா தானாத்தான் வெச்சாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கேஸ் நிக்காதுங்க."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா செத்ததை விட அது வலித்தது.

"துக்க ஜெபம் பண்ணுவோம்..." என்று ஆரம்பித்த பாஸ்டரின் குரல் திடீரென்று குழறியது.

கை நடுங்கியது. முகமெல்லாம் வேர்வை!

"ஆவி இறங்குது! ஸ்தோத்திரம்!" சபை எழுந்து கை தட்டியது.

பாஸ்டர் மடேரென்று விழுந்தார். கைதட்டல் இன்னும் பலத்தது!

இளவேனில் மேடைக்குத் தாவினாள். தொட்டால் உடம்பு ஜில்லென்றிருந்தது.

"ஆவியுமில்ல, ஒண்ணுமில்ல! லோ சுகருங்க! இன்சுலின் போட்டுப்போட்டுப் பட்டினி கிடந்தா இப்படித்தான் வரும்!"

கைதட்டல் நின்றது.

அப்படியே விட்டால் ஆள் காலி. இளவேனில் அம்மாவின் உடலை ஒரு தரம் பார்த்தாள். ஆனாலும் திருவிருந்துக்காகச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வைத்திருந்த திராட்சரசத்தை எடுத்தாள்.

கருப்புசாமி ஓடி வந்து மறித்தார். "உபவாசத்தைக் கெடுக்காத கண்ணு! சாயங்காலந்தான் முடிக்கோணும்!"

"தள்ளுங்கப்பா!"

பாஸ்டரின் தலையை அவள் தூக்க, ஜிப்பா பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் உருண்டது. கருப்புசாமி எடுத்தார். மேலே பிளாஸ்திரி. அதில் மகளின் கையெழுத்து... 'அம்மாவுக்கு, காலையில்.'

"இது... நானே என் கையால கூடையில வெச்ச மருந்து..." அவர் குரல் உடைந்தது. "நம்பி வெச்சேனே கண்ணு!"

இன்ஸ்பெக்டர் அருகே வந்தார். கருப்புசாமி மகளுக்கு வழி விட்டு விலகினார்.

"ஊத்து கண்ணு. இவன் பொழைக்கோணும். பொழைச்சுப் பதில் சொல்லோணும்!"

கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் கண் விழித்தார். முதலில் தெரிந்தது கருப்புசாமி கையில் இருந்த பாட்டில்!

"கடையில வாங்குனா... ஊருக்கே தெரிஞ்சுபோயிருமுங்க... எனக்குச் சுகமாகலைன்னு..." முனகினார்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, விலங்கை மாட்டினார்.

"சார்... எனக்குத் தெனமும் ஊசி போடோணுமுங்க..."

"பயப்படாதீங்க பாஸ்டர்!" வரதராஜுலு சிரித்தார். "ஜெயில்ல ஊசியும் உண்டு, சோறும் உண்டு... மேடை மட்டுந்தான் கிடையாதுங்க!"